அம்பறாத்தூணி வாரைத் தேடுங்கள்: சிலைகளில் ஆர்ட்டெமிஸை அடையாளம் காண்பது எப்படி

கிரேக்கச் சிற்பங்கள் உள்ள அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடுவது ஆர்ட்டெமிஸைத்தான். ஸியூஸுக்கும் லெட்டோவுக்கும் பிறந்தவள், அப்பல்லோவோடு இரட்டையாகப் பிறந்தவள். வேட்டையும் காடும் அவளுடையவை. சிறுமிகளும் பிரசவ வலியில் கிடக்கும் பெண்களும் அவள் பொறுப்பு. எனக்குத் தொழில் ஓவியம் கற்றுக்கொடுப்பது. ஏதென்ஸில் குடியிருப்பதால், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை மியூசியங்களுக்குக் கூட்டிப்போவதும் என் வேலையாகிவிட்டது. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். தகவல் பலகையைப் படிக்காமலே அவளை உங்களால் கண்டுபிடிக்க முடியும்.

முதலில் ஒன்று. கையில் வில் இருக்கிறதா என்று பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். பழைய சிலைகளில் முதலில் உடைவது கைதான். கை போனால் வில்லும் போச்சு. மூக்கு போகும், தலையே போகும். மிஞ்சுவது பெரும்பாலும் கழுத்துக்கும் முழங்காலுக்கும் நடுவில் இருக்கிற பகுதி. அதனால் அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும்.

அங்கே இருப்பது ஒரு வார். ஜோல்னாப் பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டால் பட்டை எப்படி விழும்? அதே மாதிரி, வலது தோளிலிருந்து இரண்டு மார்புகளுக்கும் நடுவே இறங்கி இடது விலாவுக்குப் போகும். முதுகில் தொங்கும் அம்பறாத்தூணியைத் தாங்குகிற வார் அது. சிற்பி அதை வெறும் கோடாக விட மாட்டார். வார் அழுத்துகிற இடத்தில் துணி உள்ளே அமுங்கியிருக்கும், அதன் இரண்டு பக்கமும் துணி லேசாகப் பொங்கி நிற்கும், மடிப்புகளின் போக்கு அந்த இடத்தில் மாறும். பக்கத்தில் போய் அந்த மாற்றத்தைப் பாருங்கள். சில சிலைகளில் வார் சாயத்தால் தீட்டப்பட்டோ தனி உலோகத்தால் செய்யப்பட்டோ இருந்து காணாமல் போயிருக்கும். அப்போதும் துணியில் ஒரு சாய்ந்த பள்ளமோ, ஆணி அடித்த துளையோ மிஞ்சலாம்.

அப்புறம் முதுகுப் பக்கம் போங்கள். மியூசியத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சிலையை முன்னால் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். அம்பறாத்தூணி முதுகில்தான் இருக்கிறது. முழுதாக இல்லாவிட்டாலும் வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு மொட்டைக் கட்டையாவது நிற்கும், அல்லது அதைப் பொருத்திய துளை இருக்கும். சுவரை ஒட்டிச் சிலையை வைத்திருந்தால் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்.

இதைப் பழகிக்கொள்ளச் சரியான இடம் பிரேயஸ் துறைமுகத்தில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகம். 1959இல் அந்த ஊரில் தெருவைத் தோண்டியபோது வெண்கலச் சிலைகள் ஒரு குவியலாக வெளியே வந்தன. ஓர் அப்பல்லோ, ஓர் அத்தீனா, இரண்டு ஆர்ட்டெமிஸ். கி.மு. 86இல் ரோமத் தளபதி சுல்லா துறைமுகத்தை எரித்தபோது, கப்பலேற்றக் காத்திருந்த சரக்கு கிடங்கோடு புதைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இரண்டில் பெரிய ஆர்ட்டெமிஸ் ஆளை விட உயரம். ஆடை பாதம் வரைக்கும் விழுகிறது, முகம் அமைதியாக இருக்கிறது. வேட்டைக்காரி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் மார்பின் குறுக்கே வார் ஓடுகிறது. அதன் எதிரே நின்று அந்த வாரையும் அதைச் சுற்றியுள்ள மடிப்புகளையும் மட்டும் பென்சிலால் வரையுங்கள். நன்றாக வரைய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு முறை கை வரைந்ததைக் கண் அடுத்த மியூசியத்தில் தானாகவே தேடும். பென்சிலும் சின்ன நோட்டும் போதும். மை பேனாவை வெளியே எடுக்காதீர்கள், பல இடங்களில் அனுமதி இல்லை. வரையத் தொடங்கும் முன் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆடை இரண்டாவது அடையாளம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய குட்டை ஆடை, காலில் செருப்போ வேட்டைக் காலணியோ, காற்றில் ஓடுகிற தோரணை என்றுதான் எல்லோர் மனத்திலும் படம் பதிந்திருக்கிறது. அந்தப் படம் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள வெர்சாய் ஆர்ட்டெமிஸிடமிருந்து வந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கிரேக்க மூலத்தைப் பார்த்து ரோமக் காலத்தில் செய்த பளிங்குச் சிலை அது. மேலாடையைச் சுருட்டி இடுப்பில் கட்டியிருக்கிறாள், வலது கை முதுகுப்புறம் போய் அம்பை எடுக்கிறது, பக்கத்தில் ஒரு மான் துள்ளுகிறது. 1556இல் நான்காம் பால் என்ற போப் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஹென்றிக்குக் கொடுத்த பரிசு என்பார்கள். 1602இல் பார்த்தெலெமி ப்ரியர் என்ற சிற்பி அதன் உடைந்த பகுதிகளைச் சரிசெய்தார். இந்தச் சிலை மட்டுமல்ல, ஐரோப்பிய அரண்மனைகள் வழியாக வந்த எந்தச் சிலையானாலும் எந்தப் பகுதி பழையது, எந்தப் பகுதி பின்னால் ஒட்டியது என்று பாருங்கள். பளிங்கின் நிறம் மாறுகிற கோட்டைப் பிடித்தால் தெரிந்துவிடும். ஒட்டுப்போட்ட கையில் இருக்கும் வில் சாட்சிக்கு ஆகாது.

குட்டை ஆடை பரவலானது கி.மு. 4ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முந்தைய குவளைகளிலும் சிற்பங்களிலும் அவள் பெரும்பாலும் நீண்ட ஆடையில்தான் வருவாள். கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் கல்லிமாக்கஸ் அவளைச் சின்னப் பெண்ணாகக் காட்டுகிறார். அப்பாவின் மடியில் உட்கார்ந்து வேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். என்றும் கன்னியாக இருக்க வேண்டும், நிறையப் பெயர்கள் வேண்டும், வில்லும் அம்பும் வேண்டும், முழங்கால் வரைக்கும் கரை வைத்த ஆடை வேண்டும், கூட ஆட ஒன்பது வயதுத் தோழிகள் அறுபது பேர் வேண்டும், மலைகள் எல்லாம் வேண்டும். ஊர் மட்டும் எதுவானாலும் பரவாயில்லை, பிரசவ வலியில் பெண்கள் கூப்பிட்டால்தானே அங்கே போகப்போகிறேன் என்கிறாள். அந்தக் கடைசி வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

விலங்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மான் இருந்தால் நல்ல அறிகுறி. நாயும் அப்படியே. ஆனால் பழைய காலத்துப் படங்களில் இறக்கையோடு ஒரு பெண் இரண்டு கைகளிலும் விலங்குகளைப் பிடித்தபடி நிற்பாள். அவளைத் தாண்டிப் போய்விடாதீர்கள், ஹோமர் 'விலங்குகளின் அரசி' என்று அழைக்கும் ஆர்ட்டெமிஸ் அவள்தான். ஃப்ளோரன்ஸ் நகரில் உள்ள பிரான்சுவா குவளை கி.மு. 570 வாக்கில் செய்தது. அதன் கைப்பிடிகளில் அவளைக் காணலாம். ஒரு பக்கம் சிறுத்தையும் மானும், மறு பக்கம் இரண்டு சிங்கங்கள். குவளையின் வயிற்றுப் பகுதியில் கல்யாண ஊர்வலம் கண்ணைப் பறிப்பதால் கைப்பிடியைப் பலர் பார்ப்பதே இல்லை. பலி காட்சிகளில் ஆடு வந்தாலும் கவனியுங்கள். கி.மு. 490இல் மாரத்தான் போருக்கு முன், கொல்லும் ஒவ்வொரு பாரசீகனுக்கும் ஓர் ஆடு தருவதாக ஏதென்ஸ்காரர்கள் ஆர்ட்டெமிஸிடம் நேர்ந்துகொண்டார்கள். அவ்வளவு ஆடு கிடைக்கவில்லை. சரி, வருடத்துக்கு 500 என்று முடிவு செய்தார்கள். தன் காலத்திலும் அந்தப் பலி நடந்துவருவதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஸெனஃபோன் எழுதியிருக்கிறார்.

வாரும் இல்லை, மானும் இல்லை என்றால் யாரோடு இருக்கிறாள் என்று பாருங்கள். ஸியூஸ் வழியில் அவளுக்குச் சகோதரர்கள் பலர், ஆனால் ஒரே தாய் வயிற்றில் கூடப்பிறந்தவன் அப்பல்லோ ஒருவன்தான். அவனை அடையாளம் காண்பது சுலபம்: நீண்ட முடி, தாடியில்லாத முகம், கையில் யாழ் அல்லது வில். அவனுக்கு ஒரு பக்கம் ஒரு பெண், மறு பக்கம் இன்னொரு பெண் நின்றால், ஒருத்தி தாய் லெட்டோ, மற்றவள் இவள். டெல்ஃபியில் சிஃப்னோஸ் தீவினர் கட்டிய கருவூலத்தின் வடக்குப் பக்கப் புடைப்புச் சிற்பத்தில், கி.மு. 525 வாக்கில், இருவரும் தோளோடு தோள் சேர்ந்து ராட்சசர்கள் மேல் அம்பு எய்தபடி முன்னேறுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் தேர் இழுக்கும் சிங்கம் ஒன்று ஒரு ராட்சசனைக் கவ்வியிருக்கிறது. லூவ்ரில் இருக்கும் நியோபே குவளையிலும் இதே ஜோடி. எனக்குப் பிள்ளைகள் அதிகம், லெட்டோவுக்கு இரண்டுதான் என்று பெருமை பேசிய நியோபேயின் பிள்ளைகளை இருவரும் கொல்கிற காட்சி. அந்தப் படத்தின் முன்னால் நிற்பது எனக்குக் கஷ்டமாகவே இருக்கும். ஆனாலும் அவளை இனியவளாக மட்டும் காட்டினால் அது பாதிப் படம்தான்.

ஏதென்ஸ் அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் பார்த்தெனான் கோயிலின் கிழக்குப் பட்டைச் சிற்பத்தில் பொசைடன், அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவளிடம் வார் இல்லை, விலங்கு இல்லை. தோளிலிருந்து நழுவும் ஆடையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். இருக்கிற இடத்தை வைத்துத்தான் அவள் யார் என்று தெரிகிறது.

இங்கே வந்ததும் எப்போதும் ஒரு கேள்வி வரும். என் அண்ணன் மகள் வந்திருந்தபோதும் அதையேதான் கேட்டாள். "அத்தை, இவங்க நிலா சாமிதானே, நிலா எங்கே?"

இதே கோயிலில் பதில் இருக்கிறது. பட்டைச் சிற்பத்துக்கு மேலே, அதே கிழக்கு முகப்பின் முக்கோணத்தில், ஒரு மூலையில் சூரியன் தேரேறி எழுகிறான், மறு மூலையில் நிலாத் தெய்வம் செலீனி தன் தேரில் இறங்குகிறாள். அவளுடைய குதிரைத் தலைகளில் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அவள் உடல் ஏதென்ஸில். ஆக கி.மு. 5ஆம் நூற்றாண்டில், ஒரே கட்டடத்தின் ஒரே பக்கத்தில், செலீனி ஒருத்தி, ஆர்ட்டெமிஸ் இன்னொருத்தி. அப்பல்லோவைச் சூரியனோடு சேர்க்கச் சேர்க்க, அவன் சகோதரியை நிலவோடு சேர்க்கும் வழக்கமும் வளர்ந்தது. ரோமர்களின் டயானாவாக அவள் ஆன பிறகு நெற்றியில் பிறை சாதாரணமாகிவிட்டது. அதனால் பிறையைப் பார்த்தால் காலத்தை ரோமப் பக்கம் தள்ளி யோசியுங்கள். தலையில் வளைவாக ஏதோ இருந்தாலே பிறை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் உயர்ந்து காதுப் பக்கம் ஒடுங்கும் தலைப்பட்டை ஒன்று உண்டு, ஹேராவும் ஆஃப்ரோடைட்டியும் கூட அணிவார்கள். பிறை என்றால் கொம்புகள் மேல் நோக்கி நிற்கும்.

வழிபாட்டில் நிலவுக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிரேயஸில் முனிக்கியா குன்றில் அவளுக்குக் கோயில் இருந்தது. ஏதென்ஸ் நாட்காட்டியில் முனிக்கியோன் மாதம் 16ஆம் நாள், பௌர்ணமியை ஒட்டி, வட்டமான பணியாரத்தைச் சுற்றிலும் சின்னச் சின்ன விளக்குகள் ஏற்றி அவளுக்குப் படைத்தார்கள். பாரசீகர்களோடு நடந்த சாலமிஸ் கடற்போரில் கிரேக்கர்கள் வென்றபோது தேவி முழு நிலவாக ஒளி வீசினாள், அதற்காகத்தான் அந்த நாள் என்று புளூட்டார்க் எழுதுகிறார்.

அவளைப் போலவே தெரிகிறவர்கள் சிலர் உண்டு. குட்டை ஆடை போட்டு ஒரு மார்பு திறந்திருந்தால் பெரும்பாலும் அமேசான், அதாவது புராணங்களில் வரும் போர்வீராங்கனை. குவளைப் படங்களில் கோடு போட்ட கால்சட்டையும் போட்டிருப்பாள். மான் தோல் போர்த்தி, நுனியில் இலைக்கொத்து வைத்த கோலைப் பிடித்திருந்தால் மதுத் தெய்வம் டயோனைசஸின் கூட்டத்துப் பெண். மூன்று உடல் முதுகோடு முதுகாக நின்றால் ஹெகட்டி என்ற தெய்வம். கூம்புத் தொப்பி நுனி முன்னால் மடிந்து, உயர்ந்த காலணியும் இருந்தால் திரேஸ் நாட்டுத் தெய்வம் பெண்டிஸ், அவளுக்கும் பிரேயஸில் கோயில் இருந்தது. தீப்பந்தம் மட்டும் இருக்கிறது என்றால் அவசரப்படாமல் முதுகைப் பாருங்கள். ஹெகட்டி, பெர்செஃபனி, ஆர்ட்டெமிஸ் மூவருமே தீப்பந்தம் பிடிப்பார்கள், அம்பறாத்தூணி இவளிடம்தான் இருக்கும்.

குவளையில் பெயரே எழுதியிருக்கலாம். ஆங்கில 'பி' (P) போலத் தெரியும் எழுத்து கிரேக்கத்தில் 'ர' ஒலி. 'ஏ', 'பி', 'டி', 'இ' (A, P, T, E) என்று ஆங்கிலத்தில் படிப்பது போல வடிவங்கள் வரிசையாக வந்தால் அவள் பெயரின் தொடக்கம். வலமிருந்து இடமாகவும் எழுதுவார்கள், தலைகீழாக வரிசை தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

துருக்கியில் எஃபெசஸ் பக்கம் போகிறவர்கள் மேலே சொன்னதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிடுங்கள். செல்சுக் அருங்காட்சியகத்தில் 1956இல் கிடைத்த இரண்டு பெரிய ஆர்ட்டெமிஸ் சிலைகள் இருக்கின்றன. நேராக, அசையாமல் நிற்கிறாள். கால்களை ஒட்டிய இறுக்கமான ஆடையில் சிங்கம், காளை, தேனீ என்று வரிசை வரிசையாக உருவங்கள். மார்பில் முட்டை வடிவில் கொத்துக் கொத்தாகத் தொங்குவது மார்பகங்கள் என்று பழைய கிறித்தவ எழுத்தாளர்கள் எழுதினார்கள். கூர்ந்து பாருங்கள், காம்பு கிடையாது, இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே தொங்குகின்றன. பலியிட்ட காளையின் விதைகள், அணிகலன், பழம் என்று பல கருத்துகள் உண்டு. உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று அவள் கோயில். இன்று சதுப்பு நிலத்தில் திரும்ப அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண்தான் அங்கே நிற்கிறது.

இனி, சிலையை விட்டுவிட்டு அவளைப் பார்க்கிற இடத்துக்கு வருகிறேன். ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் பட்டியலில் 1ஆம் எண் பெற்ற சிலை டெலோஸ் தீவிலிருந்து வந்தது. கி.மு. 650 வாக்கில் செய்த, தட்டையான, ஆளுயரப் பெண். முகம் தேய்ந்துபோய்விட்டது. இடது பக்கம் குனிந்து பாருங்கள், பாவாடையின் ஓரத்தில் எழுத்து ஓடுகிறது. நிக்காந்திரே என்ற பெண் இதை அம்பு பொழிகிறவளுக்குக் காணிக்கையாக்கினாள், நக்ஸோஸின் தெய்னோதிகேஸின் மகள், தெய்னோமெனேஸின் சகோதரி, ஃப்ராக்ஸோஸின் மனைவி என்று சொல்கிறது. கைகளில் துளைகள் உண்டு, எதையோ பிடித்திருந்தாள். இது தேவியா, நிக்காந்திரேயா என்று இன்றும் வாதம் நடக்கிறது. எனக்கு அந்த வாதத்தை விட, இவ்வளவு பெரிய பளிங்கு உருவத்தைக் கொடுத்தவள் ஒரு பெண் என்பதுதான் முக்கியம்.

அந்த நினைப்போடு பிராரோனுக்குப் போங்கள். இன்றைய பெயர் வ்ரவ்ரோனா, ஏதென்ஸின் கிழக்குக் கடற்கரையில், விமான நிலையத்தைத் தாண்டி. பக்கத்து ஊரின் பெயரே ஆர்ட்டெமிதா. கார் இருந்தால் நல்லது. ஈரமான நிலம் என்பதால் மழைக்காலத்தில் சாதாரணச் செருப்பு வேண்டாம். எரசினோஸ் ஆறு பழைய காலத்தில் பெருகி வந்து கோயிலைச் சேற்றில் மூடியது. அந்தச் சேறுதான் காணிக்கைகளைக் காப்பாற்றியும் வைத்தது. 1948இல் இயோன்னிஸ் பப்பாதிமித்ரியூ தோண்டத் தொடங்கினார்.

ஏதென்ஸ் சிறுமிகள் இங்கே வந்து தேவிக்காக 'கரடி' ஆனார்கள். குங்குமப்பூ நிற ஆடை உடுத்தி, ஆடி ஓடி, கல்யாண வயதுக்கு முன் ஒரு கட்டத்தைக் கடந்தார்கள். வளர்ப்புக் கரடி ஒன்று ஒரு சிறுமியைக் கீறியது, அவள் சகோதரர்கள் அதைக் கொன்றார்கள், தேவியின் கோபம் கொள்ளைநோயாக வந்தது, அதற்கு ஈடாகத்தான் இந்தச் சடங்கு என்பது கதை. தூண் மண்டபத்தின் அறைகளில் சுவரை ஒட்டிச் சாய்வுக் கட்டில்கள் போட்ட அடையாளம் தரையில் தெரிகிறது. ஆற்றின் மேல் கட்டிய கல் பாலமும் இருக்கிறது.

அருங்காட்சியகம் இடிபாடுகளிலிருந்து சற்றுத் தள்ளி. அங்கே குழந்தைச் சிலைகளிடம் அதிக நேரம் நில்லுங்கள். ஒரு சிறுமி மடியில் முயலை அணைத்திருக்கிறாள். துணியின் முன்பக்கத்தைத் தூக்கிச் சின்னத் தொட்டில் மாதிரி பிடித்து, உள்ளே முயலை வைத்து, கீழிருந்து கையால் தாங்குகிறாள். வரைந்து பார்த்தால் தெரியும், முயலின் எடைக்கு ஏற்பத்தான் மடிப்புகள் விழுகின்றன. பெற்றோர் நேர்த்திக்கடனாக வைத்தவை இவை. ஆண் குழந்தைகளும் உண்டு.

துணிகள் மிஞ்சவில்லை, பட்டியல்கள் மிஞ்சின. பெண்கள் தங்கள் ஆடைகளைத் தேவிக்குக் கொடுத்தார்கள். இன்னாள் கொடுத்தது, இன்ன நிறம், இன்ன கரை, சிலைக்கு உடுத்தியது என்று கல்லில் கணக்கு வெட்டினார்கள். அதன் பிரதிகள் அக்ரோபொலிஸில் கிடைத்தன. நுழைவாயிலைத் தாண்டியதும் வலது கைப் பக்கம் அவளுக்கு ஒரு சன்னிதி இருந்தது, இன்று தரையும் பாறை வெட்டும்தான் மிச்சம். 'பாதி நெய்தது' என்று சில ஆடைகளுக்கு எதிரே எழுதியிருக்கிறது. பிரசவத்தில் இறந்த பெண்களின் ஆடைகள் பிராரோனில் ஆர்ட்டெமிஸின் பூசாரி இஃபிஜெனியாவுக்குப் போகும் என்று யூரிபிடீஸின் நாடகத்தில் வருகிறது. நெய்தவள் முடிக்காமல் போன துணியாக அவை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். பிரசவ வலியில் கூப்பிட்டால் மட்டும் ஊருக்குள் வருவேன் என்ற கல்லிமாக்கஸின் சிறுமியை இந்தப் பட்டியலோடு சேர்த்துப் படியுங்கள்.

கையில் ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், காலையில் பிராரோன், மதியம் அக்ரோபொலிஸ் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முந்தின நாளே பார்த்துவிடுங்கள். இரண்டு நாள் இருந்தால் பிரேயஸைச் சேர்த்து, அதை முதலில் முடியுங்கள். வாரைப் பார்க்கப் பழகிய கண்ணோடு போனால் மற்ற இடங்களில் வேலை சுலபம்.